ரொட்டிப் பை

இயந்திரம் நின்ற பிறகுதான் உறைத்தது
காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது என்று.

சமையற்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.
கொட்டகையிலிருந்து யாரோ
நெலிதா கிலாப்பான் என்று கத்தினார்கள்.
முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
ஒன்று கடன், இல்லை ரத்தம்.

பதகோனியாவின் காற்றுக்குத் தப்பி நிற்கும்
ஒற்றைத் தகரக் கொட்டகை.
ஆட்டு ரோமம் வெட்ட வந்த பதினொரு பேர்.
மருத்துவமனைக்கு நூற்றெண்பது கிலோமீட்டர்,
அத்தனையும் சரளை.
முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு.
தீயணைப்பு நிலையத்தில் இரண்டு நாள் வகுப்பு வைத்தபோது
போனது நான் ஒருத்திதான்,
மதியச் சாப்பாடு இலவசம் என்றார்கள்.

பலகைமேல் அன்செல்மோ உட்கார்ந்திருந்தான்.
பாதி வெட்டிய ஆடு
பொத்தான் போடாத கோட்டு மாதிரி ரோமத்தை இழுத்துக்கொண்டு
கால்களுக்கிடையே ஓடியது.
அவன் முழங்கைக்குக் கீழே வாய் திறந்திருந்தது காயம்.
வெள்ளை ரோமத்தில் சிவப்பு
தயங்காமல் பரவியது.

பெட்டியைத் திறந்தேன்.
கையுறை உறை இருந்தது, உள்ளே காற்று.
யாரோ கடாக்களுக்குச் சாயம் பூச எடுத்திருக்கிறார்கள்.
என் இடது கட்டைவிரலைப் பார்த்தேன்:
காலையில் கத்தி போட்ட கோடு, இன்னும் ஈரமாய்.

நின்றேன்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே,
அது இல்லை.
இரண்டும் ஓடத்தான் துடித்தன. நான்தான் பிடித்துவைத்தேன்.
"மரமா நீ?" என்றான் ஓவீதியோ.
அன்செல்மோ, உன் கையால் நீயே அழுத்து, விடாதே, என்றேன்.
விரலுக்கு ஒட்டுத்துணி சுற்றினேன்.
ரொட்டியை மேசையில் கொட்டி
இரண்டு பைகளில் இரண்டு கைகளை நுழைத்தேன்.
முப்பது நொடி இருக்கும்.
ரத்தத்தின் கடிகாரத்தில் அது எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.

துவைத்து மடித்த துணியை வைத்து அழுத்தினேன்.
கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.
நனைந்தது. எடுக்கவில்லை.
அதன்மேல் இன்னொன்று வைத்தேன்.
எடுத்துப் பார்க்கும் ஆசைதான்
உறையத் தொடங்கிய ரத்தத்தைக் கிளறிவிடும்.

தார் டப்பாவோடு ஓடிவந்தான் மில்தோன்.
ஆட்டுத்தோல் கிழிபடும்போதெல்லாம்
"தார்!" என்று கூப்பிட, ஓடிவந்து பூசுவது அவன் வேலை.
பதினாறு வயது, நல்ல மனசு.
அந்தத் தூரிகை அன்று
எத்தனை ஆட்டுப் புண்ணைத் தொட்டிருக்கும்?
வேண்டாம்டா என்றேன்.
ஓவீதியோ புகையிலைப் பையை அவிழ்த்தான்.
அதுவும் வேண்டாம்.

அன்செல்மோ காயத்தைப் பார்க்கவில்லை.
என் கையிலிருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தான்,
அதில் அச்சடித்த கோதுமைக் கதிரை.
"அவ்வளவு அருவருப்பா என் ரத்தம்?"

என்ன சொல்வது.
உன் ரத்தத்துக்கு என்னைத் தெரியாது,
என் விரலுக்கும் உன்னைத் தெரியாது.
விடிந்ததிலிருந்து இந்தக் கை தொட்டதை எண்ணிப்பார்:
வெங்காயம், விறகு, எலிப்பொறி.
அத்தனையையும் உனக்குள் அனுப்பவா?
இதையெல்லாம் சொன்னதாக நினைக்கிறேன்.
சொன்னது ஒருவேளை
"பேசாமல் இரு" மட்டும்தான்.

லாரியில் அவனைப் படுக்கவைத்தோம்.
பைகளை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றி
இன்னொன்றில் போட்டுக் கட்டினேன்,
ஓட்டுநரிடம் கொடுத்தேன்,
மருத்துவமனைக் குப்பையில் சேர்க்கச் சொல்லி.
சோப்பு போட்டுக் கழுவினேன், விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு.
ஊற்றிய வெந்நீர் ஆறும்வரை.
பலகையில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றித் தேய்த்தேன்.
அதற்குப் பிறகே முழங்கால் நடுங்கியது.

ஓவீதியோ மாத்தே நீட்டினான்.
பத்து வாய்க்கும் ஒரே குழல்.
அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
ஏன் என்று அவன் கேட்கவில்லை, பயந்துவிட்டான் போல.

ஒன்பது தையல், டெட்டனஸ் ஊசி ஒன்று,
இருட்டிய பின் வானொலியில் சேதி வந்தது.
மளிகைப் பட்டியலில் மாவுக்கு மேலே எழுதினேன்:
கையுறை, இரண்டு பெட்டி.

ராத்திரி ரொட்டி காற்றில் காய்ந்து
கல்லாகிக் கிடந்தது.
சூப்பில் ஊறவைத்துத் தின்றார்கள்.
வழக்கமாகக் குறை சொல்லும் ஓவீதியோ
இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டான்.